எம்பாட் காற்றுக்காகக் காத்திருந்தோம்: 38 மீட்டர் யாட் ஒன்றை ஓட்டிப் பார்த்த கதை

கார் வாங்கப் போனால் ஷோரூம்காரர் சாவியைக் கையில் கொடுத்து, "ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க சார்" என்பார். 38 மீட்டர் நீள மோட்டார் யாட்டுக்கு, அதாவது பெரிய சொகுசுப் படகுக்கு, அப்படி யாரும் சாவி தருவதில்லை. முதலில் விலை பேசி முடிக்க வேண்டும், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும், விலையில் 10 சதவீதத்தை முன்பணமாகக் கட்ட வேண்டும். அதற்கப்புறம்தான் கயிற்றை அவிழ்ப்பார்கள். இதை முதலாளிக்குப் புரிய வைக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. "ஓட்டிப் பார்க்காத வண்டிக்கு எவனாவது பணம் கட்டுவானா தம்பி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

அவர் துபாயில் தொழில் செய்கிறவர், பூர்வீகம் சிவகங்கைப் பக்கம். நான் தூத்துக்குடிக்காரன். பன்னிரண்டு வருடம் சரக்குக் கப்பல்களில் எஞ்சினியராக இருந்துவிட்டு, பிறகு யாட்டுகளுக்கு மாறியவன். தெரிந்தவர் ஒருவர் மூலமாகத்தான் அவர் என்னைப் பிடித்தார். "எனக்கு சோபா, பாத்ரூம் எல்லாம் பார்க்கத் தெரியும். கீழே இருக்கிறதை நீ பாரு" என்பதுதான் எனக்குக் கொடுத்த வேலை.

முன்பணம் விற்பவர் கைக்குப் போவதில்லை. நடுவில் ஒரு கணக்கில் நிற்கும், படகு வேண்டாம் என்றால் திரும்பி வரும். எங்கள் ஒப்பந்தத்தில் சீ டிரையல், அதாவது கடலில் ஓட்டிப் பார்க்கும் சோதனை, முடிந்து 24 மணி நேரத்துக்குள் எழுத்தில் சொன்னால் போதும், காரணம்கூடச் சொல்லத் தேவையில்லை. அந்த 24 மணி நேரம் தாண்டிவிட்டால் 'பிடிக்கவில்லை' என்று சொல்ல வழியில்லை. படகைக் கரையேற்றி நிபுணர் ஒருவர் செய்யும் பரிசோதனையில், அதாவது சர்வேயில், பெரிய குறை வந்தால் மட்டுமே பேச்சு. டிரையல் செலவு விற்பவருடையது, கரையேற்றும் செலவும் சர்வேயர் சம்பளமும் எங்களுடையது. இதைப் படித்துக் காட்டியதும் முதலாளி கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணு பார்க்கிற நாள் மாதிரி" என்றார். சரி, ஏறக்குறைய அப்படித்தான்.

இடம், ஸ்பெயினின் மயோர்கா தீவில் உள்ள பால்மா. பெரிய யாட்டுகளைப் பழுது பார்க்க மெடிட்டரேனியனில் பேர்போன துறைமுகங்களில் ஒன்று. நகரத்துக்குள்ளேயே பட்டறை இருக்கிறது. எஞ்சின் ரூமிலிருந்து எண்ணெய்க் கையோடு வெளியே வந்தால் எதிரே தேவாலயம் மலை மாதிரி நிற்கும். டிரையலை முடித்த கையோடு படகைத் தூக்கிக் காய வைத்துப் பார்க்கவும் அங்கேயே வசதி உண்டு. விற்பனைக்கு வரும் படகுகள் பால்மாவில் குவிய அதுவும் ஒரு காரணம்.

நாங்கள் பார்த்த படகுக்கு வயது ஒன்பதரை. ஃபைபர் உடம்பு, எம்.டி.யு என்ற ஜெர்மன் கம்பெனியின் இரண்டு டீசல் எஞ்சின்கள், ஐந்து அறைகள், பேசி முடித்த விலை சில மில்லியன் யூரோ. விற்பனைத் தரகர் அனுப்பிய நிகழ்ச்சி நிரல் இப்படி இருந்தது: காலை 8 மணிக்குக் கிளம்புவது, 11 மணிக்குத் திரும்புவது, அப்புறம் விருந்து.

அந்த நிரலைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம். பால்மா விரிகுடா தெற்குப் பார்த்த வாய். வெயில் காலத்தில் காலையில் அங்கே கடல் கண்ணாடி மாதிரி கிடக்கும். தீவின் நடுவில் உள்ள சமவெளி சூடேறச் சூடேற, நண்பகல் வாக்கில் தென்மேற்கிலிருந்து கடற்காற்று உள்ளே ஏறும். எங்கள் ஊரில் மேற்குக் காற்றைக் கச்சான் என்கிற மாதிரி, அவர்கள் இதற்கு எம்பாட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மதியத்துக்கு மேல் 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர்) வேகம் வரை அடிக்கும், சாயங்காலம் அடங்கிவிடும். ஆக, 8 மணிக்குக் கிளம்பினால் எந்தப் படகும் நல்ல படகுதான். தரகர் வேண்டுமென்றே அப்படிப் போட்டார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மத்தியானம் 3 மணிக்கு டிரையல் வைத்த தரகரை இதுவரை நான் பார்த்ததும் இல்லை.

ஒப்பந்தத்தில் டிரையலுக்கு நான்கு மணி நேரம் இருந்தது. அதிக நேரம் கேட்டால் தகராறு வரும், நேரத்தை நகர்த்தக் கேட்டால் மறுக்க முடியாது. "பத்தரைக்குக் கிளம்பி இரண்டரைக்குத் திரும்புவோம்" என்று எழுதி அனுப்பினேன். கேப்டன் முணுமுணுத்தார் என்று கேள்வி. இத்தாலியர், நல்ல மனிதர், ஆனால் அவருக்கும் மத்தியானச் சாப்பாடு முக்கியம்.

யார் யார் ஏறுவது என்பதிலும் ஒரு சின்னப் பஞ்சாயத்து. முதலாளி தன் தம்பி குடும்பம், இரண்டு நண்பர்கள் குடும்பம் எல்லோரையும் கூட்டி வர ஆசைப்பட்டார். மாலுமிகளைத் தவிர 12 பேருக்கு மேல் ஏற்றினால் பயணிகள் கப்பல் விதிகளுக்குள் போய்விடும், இன்சூரன்ஸும் நிற்காது என்று சொல்லித் தடுத்தேன். உண்மைக் காரணம் வேறு. கூட்டம் சேர்ந்தால் பிக்னிக் ஆகிவிடும், பிக்னிக்கில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கடைசியில் அவரும், நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவியும், ஒரே ஒரு நண்பரும் வந்தார்கள். அந்த நண்பர் வந்ததிலிருந்து போகிறவரை போட்டோதான் எடுத்தார். எங்கள் பக்கம் சர்வேயர் ஒருவர், லேப்டாப்போடு ஒரு எஞ்சின் டெக்னீஷியன், நான். சர்வேயரைத் தரகர் சிபாரிசில் எடுக்கவில்லை. தரகர் தந்த மூன்று பேர் பட்டியலை வாங்கி வைத்துக்கொண்டு, அதில் இல்லாத ஒருவரைத் தேடிப் பிடித்தேன். அறுபது தாண்டிய ஆங்கிலேயர், பேச்சே கிடையாது, முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு வந்து நின்றார். முழங்காலில் பட்டை கட்டி வருகிற சர்வேயரை நம்பலாம். தரையில் ஊர்ந்து பார்க்கப் போகிறார் என்று அர்த்தம்.

காலை ஏழே காலுக்கு நான் படகில் இருந்தேன். எட்டு மணிக்கு வருவதாகத்தான் சொல்லியிருந்தேன். சீக்கிரம் போனது எஞ்சினைத் தொட்டுப் பார்க்க. ஆறிய எஞ்சின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது, எவ்வளவு புகை விடுகிறது என்று பார்க்காவிட்டால் பாதிக் கதை போய்விடும். இங்கே புதிதாகப் பார்க்கிறவர்கள் ஒரு தப்புச் செய்வார்கள். பிளாக் மேல் கை வைத்து, சூடாக இருக்கிறது, ஏற்கெனவே ஓட்டிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போவார்கள். இந்த அளவு எஞ்சின்களில் தண்ணீரை முன்கூட்டியே 40 டிகிரி அளவில் சூடாக்கி வைக்கும் ஹீட்டர் இருக்கும், அதனால் பிளாக் எப்போதும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். தொட வேண்டியது டர்போவையும் எக்ஸாஸ்ட் குழாயையும். அதை ஹீட்டர் சூடாக்குவதில்லை. அன்றைக்கு எக்ஸாஸ்ட் சில்லென்று இருந்தது. படகின் எஞ்சினியர், ஃபிலிப்பைன்ஸ் பையன், நான் எங்கே கை வைக்கிறேன் என்று பார்த்துவிட்டுச் சிரித்தான். அப்புறம் எங்களுக்குள் சிநேகமாகிவிட்டது. சிநேகம் முக்கியம். பிற்பாடு நான் கேட்ட நாலைந்து விஷயங்களுக்குக் கேப்டன் தராத பதிலை அவன்தான் தந்தான்.

அந்தப் பதில்களில் ஒன்று: முந்தின நாள் முக்குளிப்பவர் வந்து அடிப்பகுதியையும் புரொபெல்லரையும் சுரண்டிச் சுத்தம் செய்திருக்கிறார். தப்பில்லை, வீடு விற்பவர் வெள்ளையடிக்கிற மாதிரிதான். இன்னொன்று: டீசல் தொட்டியில் கால்வாசிகூட இல்லை, தண்ணீர்த் தொட்டி ஏறக்குறைய காலி, சின்னப் படகும் இரண்டு ஜெட் ஸ்கீயும் கரையில் இறக்கி வைக்கப்பட்டிருந்தன. கூட்டிப் பார்த்தால் பல டன் எடை குறைந்திருக்கிறது. இப்படி இலகுவாக்கிய படகு காட்டுகிற வேகம் வாங்கின பிறகு கிடைக்காது. டீசல் போடுங்கள் என்று விற்பவரிடம் கேட்க முடியாது. தண்ணீர் கேட்கலாம், துறைமுகக் குழாயைத் திறந்தால் ஆறேழு டன் ஏறிவிடும். கேட்டேன், நிரப்பினார்கள். கரையில் இருந்ததையெல்லாம் மேலே ஏற்றச் சொன்னேன். கிரேன் வேலை செய்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முன் கரையில் கட்டியபடியே இரண்டு மணி நேர வேலை. ஒரு ஜெனரேட்டரை மட்டும் ஓட விட்டு ஏ.சி., அடுப்பு, ஓவன், துணி துவைக்கும் மெஷின் எல்லாவற்றையும் போடச் சொன்னோம். சமையல்காரப் பெண், நான்கு ஓவனும் காலியாக எரிவதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அந்த ஜெனரேட்டரை நிறுத்தி, மற்றது சுமையை எடுத்துக்கொள்கிறதா என்று பார்த்தோம். எடுத்தது. எண்ணெய் சாம்பிள் எடுக்கும்போதுதான் ஒரு இடறல். மெயின் எஞ்சின் எண்ணெய் 180 மணி நேரம் ஓடியது, நல்லது. இரண்டு ஜெனரேட்டரிலும் எண்ணெய் மாற்றி ஆறே மணி நேரம்தான் ஆகியிருந்தது. புது எண்ணெயைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பி என்ன பயன்? தேய்மான இரும்பும் உப்பும் பழைய எண்ணெயோடு போய்விட்டன. நீங்கள் படகு பார்க்கப் போகிறீர்கள் என்றால், தேதி குறித்த அன்றே "டிரையல் முடியும்வரை எண்ணெய் மாற்றாதீர்கள்" என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். நான் அனுப்பவில்லை.

பத்தே முக்காலுக்குக் கயிறு அவிழ்ந்தது. முதலாளி மேல்தளத்தில் வெள்ளைச் சட்டையில் நின்று தேவாலயம் பின்னால் நழுவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்தது. வாங்க வருகிறவருக்கு இதைவிட ஆபத்தான நிமிஷம் கிடையாது. ஒப்பந்தம், சர்வே எல்லாம் மறந்துபோய் மனசுக்குள் படகு அவருடையதாகிவிடும்.

கொஞ்ச நேரத்தில் கேப்டன் அவரைக் கூப்பிட்டுச் சுக்கானைக் கொடுத்தார். பலர் நினைப்பது போல டிரையல் என்றால் வாங்குபவர் ஓட்டிப் பார்ப்பது அல்ல. படகு அப்போது விற்பவருடையது, பொறுப்பு முழுக்க அவருடைய கேப்டனுடையது. அவர் அனுமதித்தால் திறந்த கடலில் ஐந்து பத்து நிமிஷம் பிடித்துப் பார்க்கலாம், அவ்வளவுதான். முதலாளி பத்து நிமிஷம் பிடித்தார். "திருப்பினா ஒரு நிமிஷம் யோசிச்சுட்டுத்தான் திரும்புது" என்றார். 180 டன் அப்படித்தான் திரும்பும்.

நான் கீழே போய்விட்டேன். அடுத்த ஒன்றரை மணி நேரம் காதில் அடைப்பான், கையில் வெப்பம் அளக்கும் துப்பாக்கி. இரட்டை எஞ்சினில் ஒரு சௌகரியம் உண்டு, எது சரியான அளவு என்று புத்தகத்தைத் தேட வேண்டியதில்லை. இடது எஞ்சினின் ஓர் இடத்தைச் சுட்டால் வலது எஞ்சினின் அதே இடத்தைச் சுட வேண்டும். இரண்டும் ஒன்றானால் பெரும்பாலும் நிம்மதி. பத்து டிகிரி வித்தியாசம் என்றால் அங்கே ஏதோ கதை இருக்கிறது. கடல்நீர் கூலர், கியர் பாக்ஸ், ஷாஃப்ட் வெளியே போகும் இடத்துச் சீல் என்று வரிசையாகச் சுட்டு எழுதினேன். டெக்னீஷியன் எஞ்சினின் கம்ப்யூட்டரிலிருந்து பழைய அலாரப் பட்டியலையும், எந்தச் சுமையில் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கையும் இறக்கினார். ஓட்ட மணி நேரம் குறைவு என்று விளம்பரத்தில் பெருமையாகப் போட்டிருந்தார்கள். கணக்கைப் பார்த்தால் அதில் பாதிக்கு மேல் துறைமுகத்தில் சும்மா உறுமிக்கொண்டு நின்ற நேரம். டீசல் எஞ்சினுக்கு அப்படி நிற்பதைவிட ஓடுவதே ஆரோக்கியம்.

முழு வேகச் சோதனை பத்து நிமிஷம்தான். அதற்கு மேல் கேட்கவும் கூடாது. இந்த எஞ்சின்கள் நிமிஷத்துக்கு 2450 சுற்றுக்கு வடிவமைக்கப்பட்டவை. திராட்டிலை முழுக்கத் தள்ளியும் அந்தச் சுற்று வராவிட்டால், அடிப்பகுதியில் பாசி, தப்பான புரொபெல்லர், கூடின எடை இவற்றில் ஏதோ ஒன்று எஞ்சினை மூச்சுத் திணற வைக்கிறது என்று பொருள். கறுப்புப் புகையும் சேர்ந்து வந்தால் சந்தேகமே வேண்டாம். எங்களுக்கு இரண்டிலும் 2430க்கு மேல் வந்தது. வேகத்தை ஒரு திசையில் மட்டும் பார்த்து நம்பக் கூடாது, நீரோட்டம் கூட்டியோ குறைத்தோ காட்டும். அதே கோட்டில் போயும் வந்தும் ஜி.பி.எஸ். அளவைச் சராசரி எடுத்தோம். விளம்பரத்தில் 24 நாட், எங்களுக்குக் கிடைத்தது 21.5. தண்ணீர் நிரப்பிய புண்ணியம்.

அந்த வேகத்தில் மணிக்கு ஏறக்குறைய 800 லிட்டர் டீசல் போகிறது என்று மேலே போய்ச் சொன்னேன். 11 நாட் வேகத்தில் போனால் ஜெனரேட்டரோடு சேர்த்து மணிக்கு 130 லிட்டர் வாக்கில் முடிந்துவிடும் என்றும் சொன்னேன். முதலாளி மனக்கணக்கில் புலி. "அப்போ இனிமே 11தான்" என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதனால் பாக்கி நேரத்தில் 11 நாட்டிலேயே நெடுநேரம் ஓட்டச் சொன்னேன். வாழப் போகிற வேகத்தில் அதிர்வும் சத்தமும் எப்படி என்றுதான் தெரிய வேண்டும், தரகர் வீடியோ எடுக்கிற வேகத்தில் அல்ல.

சுக்கானை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்புவது, முழு வேகத்தில் போகும்போது பின்னோக்கி இழுத்து நிறுத்துவது எல்லாம் ஒழுங்காகப் போயின. கப்பல்களில் 35 டிகிரியிலிருந்து எதிர்ப்பக்கம் 30 டிகிரி வர 28 விநாடிதான் தரலாம் என்று விதி. பழக்கதோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன், பாதி நேரத்தில் திரும்பிவிட்டது. கடல்நீரைக் குடிநீராக்கும் மெஷினை மறக்காமல் ஓட விட்டோம். துறைமுகத்து அழுக்குத் தண்ணீரில் அதை ஓட்ட மாட்டார்கள், கடலில் கிடைக்கும் இந்த நேரம்தான் ஒரே வாய்ப்பு.

பன்னிரண்டே முக்காலுக்கு நங்கூரம். அடியில் மணல் இருக்கும் இடமாகப் பார்த்துப் போட்டார் கேப்டன். பொசிடோனியா என்கிற கடற்புல் மேல் நங்கூரம் போடக் கூடாது என்று அந்தத் தீவுகளின் அரசு 2018இல் ஆணை போட்டிருக்கிறது, ரோந்துப் படகு வந்து பார்க்கும். இரண்டு நங்கூரத்தையும் இறக்கி ஏற்றச் சொன்னோம். பலர் ஒன்றோடு விட்டுவிடுவார்கள், இரண்டாவது துருப்பிடித்து உள்ளேயே உறங்கும்.

தரகர் ஷாம்பெயினும் தட்டுமாக வந்தார். முதலாளி குடிக்க மாட்டார். அக்கா துபாயிலிருந்து கொண்டுவந்த தேன்குழலை எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார். கேப்டன் இரண்டாவது முறையும் கை நீட்டினார். இந்த நேரம்தான் "அப்புறம் என்ன, எல்லாம் பார்த்தாச்சே, கிளம்பலாமா?" என்று மெதுவாக ஆரம்பித்தார் தரகர். நான் தெற்கே பார்த்துக்கொண்டிருந்தேன். விரிகுடா வாயில் தண்ணீரின் நிறம் கறுத்து, ஒரு கோடு மாதிரி எங்களை நோக்கி நகர்ந்து வந்தது. எம்பாட்.

ஒன்றேகாலுக்கு 14, 15 நாட் காற்று. நங்கூரத்தில் நிற்கும் படகு காற்றுக்கு முகம் கொடுத்தே நிற்கும், அதனால் ஆட்டம் தெரியாது. நங்கூரத்தைத் தூக்கி, எஞ்சினை நியூட்ரலில் வைத்து, அலைக்குப் பக்கவாட்டில் சும்மா மிதக்க விடச் சொன்னேன். கேப்டன் என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் செய்தார். ஸ்டெபிலைசர் இல்லாமல் இருபக்கமும் ஆறேழு டிகிரி ஆடியது. முதலாளியின் நண்பர் போட்டோ எடுப்பதை நிறுத்தினார். ஸ்டெபிலைசர் என்பது வேறொன்றுமில்லை, மீனுக்கு இருக்கிற மாதிரி படகின் இரு விலாவிலும் நீருக்குள் நீட்டியிருக்கும் துடுப்பு. ஹைட்ராலிக்கில் அசைந்து ஆட்டத்தை எதிர்க்கும். படகு ஓடும்போது அதற்கு வேலை சுலபம், தண்ணீரே உதவும். நிற்கும்போது துடுப்பு தானாக அடித்து அடித்துச் சமாளிக்க வேண்டும், உள்ளே இருக்கும் பேரிங்குக்கும் பம்புக்கும் அப்போதுதான் உண்மையான சுமை. போட்டோம். ஆட்டம் இரண்டு டிகிரிக்குள் அடங்கியது. தரகர் முகம் மலர்ந்தது. "இன்னும் நாற்பது நிமிஷம் இப்படியே இருக்கட்டும்" என்றேன்.

அக்காவுக்குத் தலை சுற்றல் மாதிரி இருக்க, கீழே இடப்பக்க அறையில் போய்ப் படுத்திருந்தார். இருபது நிமிஷம் கழித்து மேலே வந்தார். "தம்பி, அந்த ரூம்ல படுக்க முடியலப்பா. தரைக்குக் கீழே மாடு முனகுற மாதிரி சத்தம் வருது. படகு சாயும்போதெல்லாம் முனகுது."

மரப்பலகை உரசும் சத்தம், எல்லாப் படகிலும் இருக்கும் என்றார் தரகர். என் டெசிபல் மீட்டரோ அந்த அறைக்கு 48 என்று காட்டியிருந்தது, நல்ல எண். ஆனால் அதைக் காலையில் கண்ணாடிக் கடலில் அளந்திருந்தேன். சர்வேயரும் நானும் போனோம். அவர் அலமாரியின் அடித்தட்டைத் திறந்து, தரையில் குப்புறப் படுத்து, நீள ஸ்குரூ டிரைவரின் நுனியை ஸ்டெபிலைசர் கூட்டில் வைத்துக் கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டார். இரண்டு நிமிஷம். எழுந்து வலப்பக்க அறைக்குப் போய் அதையே செய்தார். வலப்பக்கம் அமைதி. இடப்பக்கம் அக்கா சொன்ன அதே மாடு. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மேலே அலாரம் அடித்தது. ஹைட்ராலிக் எண்ணெய்ச் சூடு எல்லை தாண்டி, ஸ்டெபிலைசர் தானாக நின்றுவிட்டது. படகு மறுபடி ஆட ஆரம்பித்தது. ஷாம்பெயின் கோப்பை ஒன்று விழுந்து உடைந்தது.

திரும்பும்போது யாரும் அதிகம் பேசவில்லை.

அந்த 24 மணி நேரத்தில் முதலாளி தூங்கினாரா தெரியாது, நான் தூங்கவில்லை. வேண்டாம் என்று எழுதிவிட்டால் பணம் திரும்பி வரும். ஆனால் எஞ்சின்கள் நன்றாக இருந்தன, படகும் அவருக்குப் பிடித்துவிட்டது. டிரையலை ஏற்கிறோம், ஆனால் ஸ்டெபிலைசர் குறையைப் பதிவு செய்கிறோம், கரையேற்றிப் பார்த்த பிறகு அதைச் சரிசெய்யும் பொறுப்பு விற்பவருடையது என்று எழுதி அனுப்பினோம். அந்த ஒரு வாக்கியத்துக்கு வக்கீல் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டார். கொடுத்த காசு வீண் போகவில்லை. படகைத் தூக்கித் துடுப்பைக் கையால் ஆட்டியபோது இடப்பக்கத் துடுப்பு லொடலொடவென்று ஆடியது. உள்ளே எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருந்தது. கடல்நீர் புகுந்து பேரிங்கைத் தின்றிருக்கிறது. "வயதுக்கேற்ற தேய்மானம்" என்றது விற்பவர் தரப்பு. எழுதி வைத்த வாக்கியத்தைக் காட்டினோம். இரண்டு பக்கத்தையும் அவர்கள் செலவிலேயே பிரித்துக் கட்டித் தந்தார்கள். உதிரிபாகம் வர மூன்று வாரம் ஆனது. கிளாஸ் சான்றிதழுக்கு (படகு தரமாக இருக்கிறது என்று தனி அமைப்பு தரும் சான்று) ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வரும் பெரிய சர்வே, படகுக்கு வயது பத்தாகும்போது மறுபடி வர வேண்டியது. இன்னும் ஆறே மாதம். அதையும் காட்டிக் கொஞ்சம் விலை குறைத்தோம்.

இதுவரை படித்தால் நான் பெரிய கெட்டிக்காரன் மாதிரி தெரியும். இல்லை. டிரையல் நடந்தது மே மாதம், கடல்நீர் 19 டிகிரி. படகு போய்ச் சேரப் போவது துபாய். ஆகஸ்டில் அங்கே கடலே 33, 34 டிகிரி. மெயின் எஞ்சின் கூலர்களுக்கு அந்தச் சூட்டில் போதுமான இடைவெளி இருக்கிறதா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், இருந்தது. ஏ.சி. சில்லரும் அதே கடல்நீரில்தான் தன் சூட்டைக் கழிக்கிறது என்பது எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். பால்மாவில் அறைக்குள் 19 டிகிரிக்குக் குளிர்ந்து நான் ஸ்வெட்டர் தேடியதால் அது என் பட்டியலிலேயே வரவில்லை.

முதல் ஆகஸ்டில் போன் வந்தது. "தம்பி, ஹால்ல 28 காட்டுது. நான் வாங்கினது படகா, இட்லிக் குண்டாவா?" சில்லர் முழு மூச்சில் ஓடியும் அவ்வளவுதான். அந்த வெப்பநிலைக்கு அது வடிவமைக்கப்படவே இல்லை. கூடுதலாக ஒரு யூனிட் வைக்க எஞ்சின் ரூமில் இடம் தேடி, குழாய்களை மாற்றி, ஜெனரேட்டர் சுமையைத் திரும்பக் கணக்குப் போட்டு முடிக்க ஒரு நல்ல கார் விலை ஆனது. என் கூலியைக் குறைக்கவில்லை, அவர் பெருந்தன்மை. ஆனால் ஒவ்வொரு முறை பேசும்போதும் இட்லிக் குண்டாவை ஞாபகப்படுத்துகிறார்.

அந்தக் கோடை முழுக்க அக்கா படகில் ஏறவே இல்லை. டிசம்பரில்தான் ஏறினாராம். ஏறியதும் யாரிடமும் பேசாமல் கீழே போய், இடப்பக்க அறைத் தரையில் காதை வைத்துப் படுத்துக் கேட்டுவிட்டுத்தான் மேலே வந்து காபி கேட்டாராம்.